சிவப்பு டெலிபோன் பூத்திலிருந்து பேட்டர்சி பவர் ஸ்டேஷன் வரை: ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டின் கதை

லண்டன் என்றதும் மனசில் என்னென்ன வரும்? டபுள் டெக்கர் பஸ், பிக் பென், அப்புறம் அந்தச் சிவப்பு டெலிபோன் பூத். டி-ஷர்ட், காபி கப், சாவிக்கொத்து என்று எல்லாத்திலும் அதைப் பார்த்திருப்போம். ராக் மியூசிக் கேட்கிற கேங்குக்கு இன்னொரு படமும் ஞாபகம் வரும். பிங்க் ஃபிளாய்டின் 'அனிமல்ஸ்' ஆல்பம் அட்டையில் நாலு வெள்ளைப் புகைபோக்கிகளோட ஒரு பெரிய செங்கல் கட்டடம் இருக்கும், நடுவில் ஒரு பன்றி பறக்கும். ஆர்ட் பிடிக்கிறவங்களுக்கு டேட் மாடர்ன் தெரிஞ்சிருக்கும்.

இந்த மூணுக்கும் பின்னாடி இருக்கிறது ஒரே ஆள்தான். பெயர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். 1880இல் பிறந்து 1960இல் இறந்தார். காலேஜ் வாசலையே மிதிக்காதவர். 22 வயசில், அதாவது கிட்டத்தட்ட நம்ம வயசில், ஒரு பெரிய கதீட்ரலைக் கட்டுகிற பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அவர் வாழ்க்கையை இந்த இதழில் எழுத இன்னொரு காரணமும் இருக்கு. அவர் கட்டின பவர் ஸ்டேஷன்கள் இன்று மின்சாரம் தயாரிக்கவில்லை. ஒன்று மியூசியம். இன்னொன்று வீடு, ஆபீஸ், கடை, தியேட்டர் எல்லாம் சேர்ந்த ஒரு குட்டி ஊர். ஒரு கட்டடத்தோட வேலை முடிஞ்ச பிறகும் அதை ஏன் இடிக்காமல் விடணும், அதுக்கு எவ்வளவு செலவாகும், கடைசியில் அது யாருக்குப் போகுது? சிவில், மெக்கானிக்கல், இஇஇ என்று எந்த டிபார்ட்மெண்ட்டா இருந்தாலும் இந்தக் கேள்விகள் நம்ம வேலைக்குள் வரத்தான் போகுது. அதனால் அவர் பிறப்பிலிருந்து இன்றைக்கு வரைக்கும் போய்ப் பார்த்துடலாம்.

தாத்தா, அப்பா, பேரன்

ஸ்காட் குடும்பம் மூணு தலைமுறையா ஆர்க்கிடெக்ட் குடும்பம். தாத்தா சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தின் மிகப் பெரிய ஆர்க்கிடெக்ட்களில் ஒருவர். கோதிக் பாணியின் வெறியர் என்றே சொல்லலாம். லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ரயில் நிலையத்தின் முன்னாடி அரண்மனை மாதிரி நிற்கும் மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டல் அவருடையது. மும்பை போனவங்க ராஜாபாய் மணிக்கூண்டைப் பார்த்திருப்பீங்க. அதுவும் அவர் வரைந்ததுதான்.

அப்பா ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் ஜூனியரும் திறமையான ஆர்க்கிடெக்ட். ஆனா அவருக்கு மனநோய் வந்தது, குடியும் சேர்ந்தது. ஜைல்ஸுக்கு மூணு நாலு வயசு இருக்கும்போதே, 1884இல், அப்பாவுக்கு மனநிலை சரியில்லை என்று சட்டப்படி அறிவிச்சுட்டாங்க. பிள்ளைகள் அப்பாவை அதிகம் பார்த்ததே இல்லை. 1897இல் அவர் இறந்தார். எங்கே தெரியுமா? தன் அப்பா கட்டின அதே மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டலின் ஒரு அறையில். அப்போ ஜைல்ஸுக்கு 16 வயசு.

வளர்த்தது அம்மா எல்லன். சசெக்ஸ் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் பிள்ளைகளை வெச்சு வளர்த்தாங்க. லீவு நாட்களில் பிள்ளைகளைச் சைக்கிளில் கூட்டிட்டுப் போய் அக்கம்பக்கத்துப் பழைய சர்ச்சுகளைக் காட்டுவாங்களாம். ஜைல்ஸுக்குக் கட்டடக்கலையில் கிடைத்த முதல் பாடம் அதுதான். அப்பாவின் தொழிலைப் பிள்ளைகள் எடுக்கணும் என்று முடிவு பண்ணினதும் அம்மாதான். 1899இல் ஜைல்ஸ், அப்பாவின் பழைய மாணவரான டெம்பிள் மூர் என்ற ஆர்க்கிடெக்டிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். டிகிரி கிடையாது. இன்டர்ன்ஷிப் மட்டும்தான் படிப்பு என்று வெச்சுக்கோங்க.

பிற்காலத்தில் பேர் வாங்கின பிறகும் ஜைல்ஸ் ஒரு விஷயத்தில் உறுதியா இருந்தார். தாத்தாவை விடத் தன் அப்பாதான் பெரிய கலைஞர் என்பது அவர் எண்ணம். ஊர் மறந்துபோன அப்பாவை மகன் மறக்கவில்லை.

22 வயசில் ஒரு கதீட்ரல்

1901இல் லிவர்பூல் நகரம் புதுசா ஒரு ஆங்கிலிகன் கதீட்ரல் கட்ட முடிவு செய்து போட்டி அறிவித்தது. 103 பேர் டிசைன் அனுப்பினாங்க. அதில் ஊரறிந்த பெரிய ஆட்களும் உண்டு. 1903இல் முடிவு வந்தது, ஜெயித்தது ஜைல்ஸ் ஸ்காட். கமிட்டி ஆடிப்போச்சு. ஏன்னா அவர் அதுவரைக்கும் ஒரு கட்டடம்கூடக் கட்டினதில்லை. இதுவரை என்ன செய்திருக்கீங்க என்ற கேள்விக்கு, புகைபிடிக்கும் பைப்புகளை மாட்டி வைக்க ஒரு ஸ்டாண்ட் டிசைன் பண்ணியிருக்கேன் என்பதுதான் அவரால் சொல்ல முடிந்த பதில். அது போதாதென்று அவர் கத்தோலிக்கர். கட்டப்போவதோ ஆங்கிலிகன் சர்ச். இதுக்கும் முணுமுணுப்பு எழுந்தது.

கமிட்டி ஒரு நடுவழி பிடித்தது. போட்டி நடுவர்களில் ஒருவரான ஜி. எஃப். பாட்லி என்ற மூத்த ஆர்க்கிடெக்டை ஜைல்ஸோட கூட்டு ஆர்க்கிடெக்ட்டாகப் போட்டார்கள். 1904இல் ஏழாம் எட்வர்ட் மன்னர் அடிக்கல் நாட்டினார். ஆனா இந்த ஜோடி சரிப்படவில்லை. பாட்லிக்கு வேறு பெரிய வேலைகள் இருந்தன, லிவர்பூல் பக்கம் அதிகம் வரமாட்டார், ஆனா மாற்றம் மட்டும் சொல்லுவார். வெறுத்துப்போய் ஜைல்ஸ் ராஜினாமா பண்ண இருந்த நேரத்தில், 1907இல் பாட்லி இறந்துவிட்டார். மொத்தப் பொறுப்பும் 20 வயதுகளில் இருந்த ஒருத்தர் தலையில் வந்து விழுந்தது.

அடுத்து அவர் பண்ணினதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1910இல் கதீட்ரலின் ஒரு பகுதியான லேடி சேப்பல் முடிந்து திறப்பு விழாவும் நடந்தது. எல்லாரும் பாராட்டினாங்க. அந்தச் சமயத்தில் ஜைல்ஸ் கமிட்டி முன்னாடி போய், மீதி டிசைனைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வரையணும் என்று கேட்டார். ஜெயிச்ச டிசைனில் இரண்டு கோபுரங்கள் இருந்தன. அதுக்குப் பதிலா நடுவில் ஒரே ஒரு பிரம்மாண்டமான கோபுரம், அலங்காரம் குறைவு, சுவர்கள் எளிமையா, உள்ளே அகலமான வெளி. இதுதான் புது ஐடியா. ஃபைனல் ரிவ்யூவில் ப்ராஜெக்டை மொத்தமா மாத்தணும் என்று கைடிடம் போய் நிற்கிற மாதிரி நினைச்சுப் பாருங்க. ஆச்சரியமா, கமிட்டி ஒத்துக்கொண்டது.

1924இல் முடிந்தவரைக்கும் கதீட்ரல் திறக்கப்பட்டபோது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார். கோபுரத்தின் உச்சிக்கல் ஏறினது 1942இல், உலகப் போருக்கு நடுவில். கோபுரத்தின் உயரம் 101 மீட்டர். வேலை மொத்தமா முடிந்தது 1978இல். அதாவது 74 வருஷம்! முழுசாப் பார்க்க அவர் உயிரோட இல்லை. கடைசிப் பகுதியை வேறு ஆர்க்கிடெக்ட்கள் செலவைச் சுருக்கி முடித்தார்கள்.

நடுவில் அவர் சொந்த வாழ்க்கையிலும் லிவர்பூல் இருக்கு. கதீட்ரல் வேலைக்கு வந்து போகும்போது அடெல்ஃபி ஹோட்டலில் ரிசப்ஷனிஸ்டாக இருந்த லூயிஸ் ஹியூஸைச் சந்தித்தார். 1914இல் கல்யாணம். பெண் புராட்டஸ்டன்ட் என்பதால் அம்மாவுக்கு வருத்தம்தான். முதல் உலகப் போரில் அவர் ராயல் மரீன்ஸில் மேஜராக இருந்து கடற்கரைப் பாதுகாப்பு அரண்கள் கட்டும் வேலையைப் பார்த்தார்.

கல்லறையிலிருந்து வந்த டெலிபோன் பூத்

1924இல் தெருக்களில் வைக்க ஒரு நல்ல டெலிபோன் பூத் வேணும் என்று ஒரு போட்டி நடந்தது. ஸ்காட் டிசைன்தான் ஜெயித்தது, அதுதான் கே2. அதன் மேல்பாகத்தை உற்றுப் பார்த்தால் நாலு பக்கமும் வளைந்த ஒரு சின்ன டோம் தெரியும். ஜான் சோன் என்ற பழைய ஆர்க்கிடெக்ட் தன் குடும்பத்துக்குக் கட்டின கல்லறையின் சாயல் அது. அந்தக் கல்லறை இருப்பது செயின்ட் பான்க்ராஸ் பழைய சர்ச் தோட்டத்தில், தாத்தாவின் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே.

ஸ்காட் நினைத்த நிறம் வெளியே வெள்ளி, உள்ளே நீலப்பச்சை. போஸ்ட் ஆபீஸ் நிர்வாகம்தான் சிவப்பு அடிச்சது. வார்ப்பிரும்பில் செய்த கே2 கனமாகவும் செலவு அதிகமாகவும் இருந்ததால் பெரும்பாலும் லண்டனில் மட்டுமே வைத்தார்கள். 1935இல் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி ஸ்காட் அதையே சின்னதா, எளிமையா, மலிவா மாற்றி வரைந்தார். அதுதான் கே6. நாடு முழுக்கப் பரவினது இதுதான். முதல் டிசைன் அழகு, இரண்டாவது டிசைன் நடைமுறை. ப்ரோட்டோடைப்புக்கும் மாஸ் ப்ரொடக்‌ஷனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

பேட்டர்சி: இன்ஜினியர்களின் கட்டடம்

இப்போ மெயின் மேட்டருக்கு வருவோம்.

1920களில் லண்டனில் மின்சாரம் சின்னச் சின்ன கம்பெனிகளின் கையில் இருந்தது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வோல்டேஜ், ஒரு ஃப்ரீக்வன்சி. பல கம்பெனிகள் ஒன்று சேர்ந்து லண்டன் பவர் கம்பெனியை உருவாக்கி, தேம்ஸ் நதியின் தென்கரையில் பேட்டர்சியில் ஒரு பெரிய நிலக்கரி பவர் ஸ்டேஷன் கட்டத் திட்டமிட்டார்கள். கூலிங் வாட்டர் நதியிலிருந்து, நிலக்கரி படகில் என்று இடம் கச்சிதம். கம்பெனியின் தலைமை இன்ஜினியர் லியோனர்ட் பியர்ஸ்.

மக்கள் கொதிச்சுட்டாங்க. நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய புகைக்கூடா? பார்க் செடிகள் கருகும், டேட் கேலரி ஓவியங்கள் கெடும், அரண்மனை வரைக்கும் புகை போகும் என்று பேப்பர்களில் கடிதங்கள் வந்தன. பார்க்கவும் அசிங்கமா இருக்கும் என்பது இன்னொரு புகார். எதிர்ப்பைச் சமாளிக்க கம்பெனி இரண்டு வேலை செய்தது.

ஒன்று, புகையைக் கழுவியது. பாய்லரிலிருந்து வரும் வாயுவைத் தேம்ஸ் தண்ணீரும் சுண்ணாம்பும் சேர்த்துக் கழுவி, கந்தகத்தில் பெரும்பகுதியை எடுத்த பிறகே மேலே விட்டார்கள். பெரிய அளவில் இதைச் செய்த ஆரம்பகால பவர் ஸ்டேஷன்களில் பேட்டர்சி முக்கியமானது. புகைபோக்கிகளுக்குக் கீழே மூலைகளில் நிற்கும் செங்கல் கோபுரங்கள் இருக்கே, கழுவும் வேலை நடந்தது அவற்றுக்குள்தான். ஆனா கழுவின தண்ணீர் திரும்பவும் தேம்ஸில்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு மாசைக் குறைத்து இன்னொரு மாசாக்கின கதையையும் சேர்த்தே சொல்லணும்.

இரண்டாவது, 1930இல் ஸ்காட்டைக் கூப்பிட்டார்கள். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லணும். கட்டடத்தின் அடிப்படை வடிவம் அவர் வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. பாய்லர் எங்கே, டர்பைன் எங்கே, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் இன்ஜினியர்கள் தீர்மானித்தது. தியோ ஹாலிடே என்ற ஆர்க்கிடெக்டும் ஏற்கனவே வேலையில் இருந்தார். உள்ளே மார்பிள் பதித்த கண்ட்ரோல் ரூம் அவர் கைவண்ணம். ஸ்காட்டுக்குக் கிடைத்தது வெளித்தோற்றம் மட்டும்.

அந்த மட்டும் என்பதை வெச்சே அவர் கட்டடத்தின் தலையெழுத்தை மாத்திட்டார். உள்ளே எடை தாங்குவது ஸ்டீல் ஃப்ரேம், வெளியே செங்கல் வெறும் தோல்தான். அந்தத் தோலை அவர் நேர்த்தியா நெய்தார். பெரிய சுவர்களில் மெல்லிய செங்குத்துக் கோடுகள், மூலைக் கோபுரங்களில் படிப்படியா உள்வாங்கும் அடுக்குகள், அவற்றின் மேல் கிரேக்கத் தூண்களைப் போல வரிவரியான கான்கிரீட் புகைபோக்கிகள். மொத்தம் சுமார் 60 லட்சம் செங்கல். கதீட்ரல் கட்டிப் பழகின கை, தொழிற்சாலையையும் கதீட்ரல் போலவே பார்த்தது.

முதல் பாதி 1930களில் முடிந்தபோது இரண்டு புகைபோக்கிகள்தான். இரண்டாவது பாதி போருக்குப் பிறகு எழுந்து, நாலாவது புகைபோக்கி 1955இல் வந்தது. நாம் பார்க்கும் அந்த நாற்காலியைக் கவிழ்த்த உருவம் முழுமையாக 20 வருஷத்துக்கு மேல் எடுத்தது. அசிங்கமா இருக்கும் என்று திட்டின ஊரே பிறகு அதைத் தன் அடையாளமா எடுத்துக்கொண்டது. உச்சத்தில் லண்டனுக்குத் தேவையான மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போனது.

நடுவழி மனுஷன்

1930களில் ஆர்க்கிடெக்ட்கள் இரண்டு கட்சியா பிரிந்து கிடந்தார்கள். பழைய பாணிதான் வேணும் என்று ஒரு பக்கம், கண்ணாடியும் கான்கிரீட்டும் மட்டும் போதும் என்று இன்னொரு பக்கம். 1933 முதல் 1935 வரை பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்கள் சங்கத்தின் தலைவராக இருந்த ஸ்காட் இரண்டு பக்கமும் சேராமல் நடுவழியில் நின்றார். புதுத் தொழில்நுட்பம் வேணும், ஆனா மனிதர்களுக்குப் பழகின அழகும் போகக் கூடாது என்பது அவர் நிலை. இரண்டு கட்சியும் அவரை முழுசா ஏத்துக்கலை.

அந்தக் காலத்தில் அவர் கை பட்ட வேலைகள் நிறைய. 1934இல் திறந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் ஒன்று. லண்டன் வாட்டர்லூ பாலம் இன்னொன்று. போர்க்காலத்தில் ஆண்கள் ராணுவத்துக்குப் போனதால் அதைக் கட்டினவர்களில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். அதனால் அதுக்கு லேடீஸ் பாலம் என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆக்ஸ்போர்டில் நியூ போட்லியன் நூலகம். 1946இல் அதைத் திறக்க வந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் பூட்டில் சாவியைப் போட்டுத் திருக, சாவி உடைந்துவிட்டது. திறப்பு விழா சொதப்பல் நம்ம சிம்போசியத்துக்கு மட்டும் சொந்தமில்லை!

1941இல் குண்டு விழுந்து பார்லிமென்டின் காமன்ஸ் சபை அழிந்தபோது, அதைத் திரும்பக் கட்டும் வேலை ஸ்காட்டுக்கும் அவர் தம்பி ஏட்ரியனுக்கும் கொடுக்கப்பட்டது. பழைய வடிவம், பழைய அளவு, ஆனா உள்ளே நவீன ஏர் கண்டிஷனிங்கும் புது வசதிகளும். 1950இல் திறந்தது. பழையதைப் புதுசா வாழ வைக்கும் வேலையை அவரே செய்திருக்கிறார் என்பதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. தோல்வியும் உண்டு. குண்டுவீச்சில் இடிந்த கவென்ட்ரி கதீட்ரலுக்கு அவர் கொடுத்த டிசைன் எடுபடவில்லை. 1947இல் விலகிக்கொண்டார்.

அதே 1947இல்தான் அடுத்த பவர் ஸ்டேஷன் வந்தது. பேங்க்சைட், தேம்ஸ் கரையில் செயின்ட் பால் கதீட்ரலுக்கு நேர் எதிரே. திரும்பவும் எதிர்ப்பு. இந்த முறை ஸ்காட் பல புகைபோக்கிகளை ஒன்றாக்கி, நடுவில் ஒரே ஒரு சதுரக் கோபுரமா வைத்தார். உயரம் 99 மீட்டர். எதிர்க்கரையில் இருக்கும் செயின்ட் பால் டோமை விட உயரக் கூடாது என்பதற்காகவே அந்த அளவு. லிவர்பூலில் இரண்டு கோபுரத்தை ஒன்றாக்கினவர் இங்கேயும் அதையே செய்தார்.

1960 பிப்ரவரியில், 79 வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் ஒரு சர்ச்சுக்கான வரைபடம் அவர் கையில் இருந்தது. 57 வருஷம் உழைத்த லிவர்பூல் கதீட்ரலின் மேற்கு வாசலுக்கு வெளியே, மனைவி பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கர் என்பதால் உள்ளே இடமில்லை.

அவர் போன பிறகு

ஆள் கதை இங்கே முடியுது. கட்டடங்களின் கதை இதுக்கு அப்புறம்தான் சூடு பிடிக்குது.

பேட்டர்சியின் முதல் பாதி 1975இல் நின்றது. அடுத்த வருஷம்தான் பிங்க் ஃபிளாய்ட் 12 மீட்டர் நீளப் பன்றி பலூனைக் கட்டிவிட, அது கயிறு அறுந்து பறந்து விமானங்களையே நிறுத்தி வெச்சது. மீதிப் பாதியும் 1983இல் மூடப்பட்டது. இடிக்க முடியாதபடி 1980இலேயே அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அறிவித்திருந்தார்கள். சட்டம் கட்டடத்தை இடிக்காமல் காப்பாற்றும். ஆனா மழையிலிருந்து காப்பாற்றாது.

1987இல் ஒருத்தர் அதை 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கி தீம் பார்க் ஆக்கப் போனார். பெரிய மெஷின்களை வெளியே எடுக்கக் கூரையைப் பிரித்தார்கள். எஸ்டிமேட் 3.5 கோடி பவுண்டிலிருந்து 23 கோடி பவுண்டுக்கு எகிறியது. 1989 மார்ச்சில் காசு தீர்ந்து வேலை நின்றது. கூரை மட்டும் திரும்ப வரவில்லை. அதுக்கப்புறம் 20 வருஷத்துக்கு மேல் ஸ்டீல் ஃப்ரேம் மழையில் நனைந்து துருப்பிடித்தது. ஓனர்கள் மாறினார்கள், திட்டங்கள் மாறின, எதுவும் நடக்கவில்லை. ஒரு கட்டடத்தில் முதலில் எதைப் பிரிக்கிறோம், அதைத் திரும்ப மூடக் கையில் காசு இருக்கா என்று பார்க்காமல் கை வெச்சால் என்ன ஆகும் என்பதுக்கு இது ஒரு பாடம்.

2012இல் மலேசிய நிறுவனங்களும் அந்நாட்டு வருங்கால வைப்பு நிதியும் சேர்ந்து 40 கோடி பவுண்டுக்கு வாங்கின. வில்கின்சன்ஐர் என்ற ஆர்க்கிடெக்ட் நிறுவனம் மறுசீரமைப்பை எடுத்தது. நாலு புகைபோக்கிகளிலும் உள்ளே கம்பி அரித்துப்போயிருந்தது. அவற்றைப் பிரித்து, அதே வடிவத்தில், அதே உயரத்தில் திரும்பக் கட்டினார்கள். பிரித்த பிறகு கட்டாமலே விட்டுடுவாங்களோ என்ற பயம் மக்களுக்கு. பழைய அனுபவம் அப்படி! அதனால் முதலில் ஒன்றைப் பிரித்துத் திரும்ப எழுப்பிக் காட்டின பிறகே மற்ற மூணில் கை வைத்தார்கள். செங்கல் பழுதுக்கு, அன்றைக்குச் செங்கல் கொடுத்த அதே தயாரிப்பாளர்களைத் தேடிப் பிடித்து, சுமார் 17.5 லட்சம் புதுச் செங்கல் வாங்கினார்கள். நிறம் சேரணுமே.

2022 அக்டோபர் 14 அன்று கட்டடம் மக்களுக்குத் திறந்தது. இரண்டு டர்பைன் ஹால்களும் இப்போ கடைவீதி. கூரையில்லாமல் கிடந்த பாய்லர் ஹவுஸில் புது ஃப்ரேம் நிறுத்தி, ஆறு தளங்களில் ஆப்பிள் நிறுவனத்தின் ஆபீஸ், சுமார் 5 லட்சம் சதுர அடி. பக்கங்களிலும் மேலேயும் 254 வீடுகள். ஒரு புகைபோக்கிக்குள் கண்ணாடி லிஃப்ட் 109 மீட்டர் உயரத்துக்கு ஏறி ஊரைக் காட்டுது. இரண்டாவது கண்ட்ரோல் ரூம் பழைய சுவிட்சுகளோட ஒரு பார் ஆகிவிட்டது. இவ்வளவு பேர் வந்து போக ரயில் வேணுமே என்று நார்தர்ன் லைன் மெட்ரோவையும் 2021இல் அங்கே நீட்டினார்கள்.

ஏன் இத்தனை உபயோகம்? ஒரே உபயோகத்தில் இந்தச் செலவு தேறாது. தீம் பார்க் மட்டும், ஹோட்டல் மட்டும் என்று நினைத்தவர்களால் முடியவில்லை. வீடு விற்ற காசு கட்டுமானத்துக்கு, ஆபீஸ் வாடகை தொடர் வருமானத்துக்கு, கடைகள் ஆட்களை வரவழைக்க. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். லோடை ஒரே காலத்தில் ஏத்தாமல் பல காலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற அதே லாஜிக்.

ஆனா இதுக்கு ஒரு விலையும் இருக்கு. சுற்றிலும் எழும் மொத்தத் திட்டத்தில் 636 வீடுகள் சாதாரண வருமானக்காரர்களுக்கு என்று சொல்லியிருந்தார்கள். செலவு ஏறுது என்று 2017இல் அதை 386 ஆகக் குறைக்க அனுமதி வாங்கினார்கள். லண்டன் மக்களுக்காகவே இராப்பகலா எரிந்த ஒரு கட்டடத்தில், அந்த மக்களில் பெரும்பாலோர் இன்று சுற்றிப் பார்க்க மட்டும்தான் வரமுடியும். காப்பாற்றினது சந்தோஷம்தான். யாருக்காகக் காப்பாற்றினோம் என்ற கேள்வியை அந்த ஊர்க்காரங்க இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்காங்க, கேட்கவும் வேணும்.

பேங்க்சைட் வேறு வழியில் போனது. 1981இல் மூடின அதை ஹெர்சோக் அண்ட் டி மியூரான் என்ற சுவிஸ் ஆர்க்கிடெக்ட்கள் மியூசியமாக்கினார்கள். டர்பைன் ஹாலை அடைக்காமல் வெறும் வெளியாகவே விட்டார்கள், அதுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம். ஒரு பகுதியில் சப்ஸ்டேஷன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 2000 மே மாதம் டேட் மாடர்ன் திறந்ததும், முதல் வருஷத்திலேயே 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். உள்ளே போக டிக்கெட் கிடையாது.

ஆக்ஸ்போர்டில் சாவி உடைந்த நூலகமும் 2015இல் வெஸ்டன் லைப்ரரியாக, எக்ஸிபிஷன் கூடமும் கஃபேயும் சேர்ந்து திரும்பத் திறந்தது. செய்தது அதே வில்கின்சன்ஐர். தாத்தாவின் மிட்லண்ட் கிராண்ட் ஹோட்டலும் தப்பித்தது. தடிமனான தளங்கள் இருந்ததால் அறைக்கு அறை பாத்ரூம் பைப் கொண்டுபோக முடியாமல் 1935இல் மூடின ஹோட்டல் அது. 1960களில் இடிக்கப் பார்த்தார்கள், மக்கள் போராடித் தடுத்தார்கள். 2011இல் திரும்ப ஹோட்டலாகவும், மேலே 67 வீடுகளாகவும் திறந்தது. ஜைல்ஸின் அப்பா உயிர் விட்ட கட்டடத்தில் இன்று ஆட்கள் குடியிருக்காங்க.

செல்போன் வந்த பிறகு வேலையில்லாமல் போன டெலிபோன் பூத்களுக்கும் இதே கதிதான். 2008 முதல் பிரிட்டிஷ் டெலிகாம் அவற்றை ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுக்குது. ஒன்று குட்டி லைப்ரரி, ஒன்று மாரடைப்புக்கான டீஃபிப்ரிலேட்டர் வைக்கும் பெட்டி. ஒரு சதுர மீட்டர்கூட இல்லாத இடம், அதுக்கும் இரண்டாவது வாழ்க்கை.

ஸ்காட்டுக்கு இது எதுவும் தெரியாது. பவர் ஸ்டேஷனில் யாராவது குடியிருப்பாங்க என்று அவர் கனவு கண்டிருக்க வாய்ப்பில்லை. அவர் கையில் இருந்தது மேல்தோல் மட்டும்தான், அதை உருப்படியா செய்தார். உள்ளே மெஷின் போன பிறகும் வெளியே நின்ற அந்தச் செங்கல் சுவரை இடிக்க லண்டனுக்கு மனசு வரவில்லை. 1989லிருந்து கூரையில்லாமல் நின்ற கட்டடத்தை வேறு எது காப்பாற்றியிருக்கும்?

மாஸ்டர்ஸ் படிக்க அந்தப் பக்கம் போகப்போகிற சீனியர்களுக்கும் பேட்ச்மேட்களுக்கும் ஒரு வார்த்தை. பேட்டர்சி டர்பைன் ஹாலும் டேட் மாடர்னும் சும்மாவே சுத்திப் பார்க்கலாம். பிக்காடிலி பக்கம் போனால் ராயல் அகாடமி வாசல் வளைவுக்குக் கீழே பாருங்க, மரத்தில் செய்த முதல் டெலிபோன் பூத் மாதிரி இன்னும் அங்கேயே நிற்குது. போட்டோ எடுத்து நம்ம இதழுக்கு அனுப்புங்க, அடுத்த இதழில் போடுவோம்.